பொகோடாவில் பார்த்த தங்க 'விமானம்': மீனா, பறவையா, பூச்சியா?

#1 கடலோடி

போன மாதம் வேலை விஷயமாகக் கொலம்பியா போயிருந்தேன். பொகோடாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடந்தது. விடுதிக்காரர் "தங்க அருங்காட்சியகம் போங்கள், ஞாயிறு என்றால் டிக்கெட் கிடையாது" என்றார். ஓசி என்றால் எந்த ஊராக இருந்தால் என்ன, கூட்டம் நெரிந்தது.

நடத்துவது அந்த நாட்டின் மத்திய வங்கி. முப்பதாயிரத்துக்கும் மேல் தங்கப் பொருட்கள் வைத்திருக்கிறார்கள். 1939-ல் வங்கி வாங்கிய ஒரே ஒரு சுண்ணாம்புக் குடுவையில்தான் எல்லாம் ஆரம்பமாம். கிம்பாயா என்ற பழங்கால மக்களின் பாணி, எடை 777 கிராம். கோக்கா இலையை மெல்லும்போது தொட்டுக்கொள்ளும் சுண்ணாம்பு வைக்கிற குடுவை. தாத்தாவின் வெற்றிலைச் செல்லத்தில் இருந்த சுண்ணாம்பு டப்பா ஞாபகம் வந்துவிட்டது. அது வெறும் தகரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் பார்த்த இடமெல்லாம் விலங்குகள். தவளை, முதலை, வௌவால், ஜாகுவார், பாம்பு, நத்தை. அவற்றுக்கு நடுவே நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிற அந்தப் 'பழங்கால விமானம்'. நேரில் கட்டைவிரல் அளவுதான் இருக்கிறது! இரண்டு பக்கமும் இறக்கை, பின்னால் நிமிர்ந்து நிற்கும் வால். உண்மையிலேயே கொஞ்சம் திகைத்துத்தான் போனேன்.

இரண்டு கேள்விகள். ஒன்று, அது என்ன? இரண்டு, பல அட்டைகளில் 'தும்பாகா' என்று போட்டிருந்தார்கள். தங்கமும் செம்பும் கலந்ததாம். சிலவற்றில் செம்புதான் அதிகமாம். அப்படியானால் எப்படி இவ்வளவு மஞ்சளாக மின்னுகிறது?

#2 மறைபொருள்

இறக்கை கீழ்ப்பக்கம் பொருந்தியிருக்கும் பறவை எது? நிமிர்ந்த வால் உள்ள பூச்சி எது? இயற்கையில் கிடையாது. 1994-ல் இரண்டு ஜெர்மானியர்கள் இதைப் பெரிதாக்கி மாதிரி செய்து பறக்கவே விட்டார்கள். பார்க்காத ஒன்றை எவனும் செய்ய முடியாது. நான் சொல்வது அவ்வளவுதான்.

#3 நெல்லை_சித்ரா

நிமிர்ந்த வால் பறவைக்கும் பூச்சிக்கும் இல்லை, சரி. மீனுக்கு?

மறைபொருள் சார், நாளைக்கு மீன் மார்க்கெட் போனால் எந்த மீனை வேண்டுமானாலும் எடுத்து வாலைப் பாருங்கள். கொலம்பியாவின் மக்தலேனா ஆற்றுப் பக்கத்தில் உடம்பெல்லாம் கவசம் போட்ட கெளுத்தி வகைகள் உண்டு. தலை தட்டையாக, பக்கத் துடுப்பு இரண்டும் அகலமாக விரிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் சின்ன விமானமேதான். மீன் தொட்டிக்காரர்கள் கண்ணாடி சுத்தம் செய்ய வாங்கிவிடுகிற 'சக்கர்' மீனின் சொந்தக்காரர்கள்தான் இவை.

இன்னொன்று. இந்த உருவங்களுக்குக் கண் இருக்கிறது, சிலவற்றுக்குப் பல்வரிசை இருக்கிறது. பல் வைத்த விமானமா? தனியாக ஒன்றை மட்டும் படம் எடுத்துப் போட்டால் விமானம்தான் தெரியும். இது கொலம்பியாவின் தோலிமா பகுதிப் பாணி. அங்கே கிடைத்த மற்ற உருவங்களோடு சேர்த்து வையுங்கள். இறக்கை வைத்த பல்லி, வால் பிளந்த மனிதன், மீனும் பறவையும் கலந்தது என்று ஒரு குடும்பமே நிற்கும். இது அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை.

அந்த ஜெர்மன் மாதிரிக்கு இயந்திரமும் சுழல்விசிறியும் மாட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விசிறி மாட்டினால் எங்கள் வீட்டு முறம்கூடப் பறக்கும்.

#4 பட்டறைக்காரன்

மூன்று தலைமுறையாகப் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தம்பி, உள்ளே செம்பு, வெளியே தங்கம் என்றால் எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் முலாம். முலாம் என்று சொல்லி விற்றால் வியாபாரம், சொல்லாமல் விற்றால் திருட்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செய்தாலும் கணக்கு ஒன்றுதான். செய்கூலி, சேதாரம் எவ்வளவு போட்டார்களோ!

#5 உலோகப்பித்தன்

பட்டறைக்காரர் ஐயா, அது முலாம் இல்லை. முலாம் என்றால் வெளியிலிருந்து தங்கத்தைப் பூசுவது. இவர்கள் எதையும் பூசவில்லை, எடுத்தார்கள்.

தங்கமும் செம்பும் கலந்த பொருளை நெருப்பில் காட்டினால் மேற்பரப்பில் உள்ள செம்பு காற்றோடு சேர்ந்து கறுத்துவிடும். தங்கம் கறுக்காது. அந்தக் கறுப்பை ஏதாவது புளிப்புச் சாற்றில் போட்டு எடுத்தால் கரைந்து போகும். மறுபடி சூடு, மறுபடி சாறு. ஒவ்வொரு சுற்றுக்கும் மேலே உள்ள செம்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறித் தங்கம் மட்டும் மெல்லிய தோலாக மிஞ்சும். முதலில் கடற்பஞ்சு போல ஓட்டையும் ஒடிசலுமாக, மங்கலாகத்தான் இருக்கும். வழவழப்பான கல்லால் அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொண்டு பளபளக்கும். தங்கம் உள்ளேயேதான் இருந்தது. அதை முன்னால் வர வைத்தார்கள், அவ்வளவுதான்.

16-ஆம் நூற்றாண்டு ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஒவியேதோ இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு மூலிகைச் சாற்றால் மட்டத் தங்கத்தை உயர்ந்த தங்கம் போல் ஆக்குகிறார்கள், இந்த வித்தை தெரிந்த தட்டான் ஐரோப்பாவில் இருந்தால் பெரும் பணக்காரன் ஆவான் என்று. மூலிகையைக் கண்ணால் பார்த்தாராம். ரகசியத்தை மட்டும் அவர்கள் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லையாம்.

#6 பினாங்குத்தமிழன்

இடையில் ஒரு சின்ன விஷயம். 'தும்பாகா' என்று பார்த்ததும் சிரிப்பு வந்தது. இங்கே மலாயில் செம்புக்குப் பெயரே 'தெம்பாகா'தான். செம்புக் கம்பி வாங்க இரும்புக்கடைக்குப் போனால் அப்படித்தான் கேட்போம்.

ஸ்பானியர்கள் இந்தச் சொல்லை இந்தப் பக்கத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டு போனார்கள், பிலிப்பைன்ஸ் வழியாக. மலாய்க்கு அது வந்தது இந்தியாவிலிருந்து. வடமொழித் தாம்ரம், நம் தாமிரம், எல்லாம் ஒரே கொடி. ஆக, கொலம்பியாக்காரன் செய்த நகைக்கு நம் தாமிரத்தின் பேரன் பெயர். செய்தவர்கள் அதை என்ன பெயரில் கூப்பிட்டார்களோ, அந்தச் சொல் அட்டையில் இல்லை.

#7 பட்டறைக்காரன்

உலோகப்பித்தன் சார், விளக்கம் புரிந்தது. நாங்களும் நகையைக் காய்ச்சிப் புளித் தண்ணீரில் போடுகிறவர்கள்தான், கறுப்பு எடுக்க. ஆனால் நோக்கம் என்ன? உள்ளே இருப்பது ஒன்று, வெளியே காட்டுவது ஒன்று. உரைகல்லில் லேசாக இழுத்தால் நல்ல தங்கம் மாதிரி கோடு விழும். கொஞ்சம் அழுத்தினால் சாயம் வெளுத்துவிடும். இதைக் கலப்படம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? பத்தரை மாற்றுக்குத்தான் மதிப்பு.

#8 நெல்லை_சித்ரா

பத்தரை மாற்றுக்கு மதிப்பு, நமக்கு. அவர்களுக்கும் அப்படித்தான் என்று யார் சொன்னது?

கரீபியன் தீவுகளில் 'குவானின்' என்று ஒரு கலப்பு உலோகம் இருந்தது. கொலம்பஸ் அதன் துண்டுகளை ஸ்பெயினுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். 32 பங்கில் 18 பங்கு தங்கம், 6 பங்கு வெள்ளி, 8 பங்கு செம்பு. ஸ்பானியருக்கு முகம் சுருங்கியிருக்கும். தீவுக்காரர்களோ சுத்தத் தங்கத்தைவிட இதைத்தான் உயர்வாக வைத்தார்கள். காரணம் அதன் சிவந்த நிறமும் வாசமும். ஆமாம், வாசம். ஸ்பானியர் கொண்டுவந்த பித்தளையையும் மோந்து பார்த்தே மதித்தார்கள். வானத்திலிருந்து வந்தது என்று பொருள்பட 'துரே' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சுத்தத் தங்கத்துக்கு வாசமே கிடையாதே!

அதனால் கேள்வியே மாறுகிறது. தங்கத்தை வைத்து கிராம் கணக்கில் வாங்குவது விற்பது நம் வழக்கம். கழுத்தில் தொங்கும்போது வெயிலில் என்ன நிறம் அடிக்கிறது, அசையும்போது என்ன சத்தம் வருகிறது, கைபட்டால் என்ன வாசம் வீசுகிறது என்று பார்த்தவர்களிடம் போய்க் காரட் கேட்டால் எப்படி?

#9 பட்டறைக்காரன்

32-க்கு 18 என்றால் பதிமூன்றரை காரட். இன்றைக்கு 14 காரட் நகையை வெளிநாட்டில் எல்லாரும் போடுகிறார்கள்தான். கொஞ்சம் யோசிக்க வைத்துவிட்டீர்கள் டீச்சர். ஆனாலும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

தம்பி கடலோடி, வார்ப்பு எப்படி இருந்தது? கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தீர்களா? அதைச் சொல்லுங்கள்.

#10 கடலோடி

மூக்கு கண்ணாடியில் ஒட்டும் அளவுக்குப் பார்த்தேன் அண்ணே, காவலர் வந்து தட்டிவிட்டுப் போனார்.

முயிஸ்கா மக்களின் சின்னச் சின்ன உருவங்கள் இருந்தன, 'துன்ஹோ' என்கிறார்கள். தட்டையான தங்கத் தகட்டில் மூக்கு, கண், கை எல்லாம் மெல்லிய கம்பியை ஒட்டவைத்த மாதிரி. ஆனால் கம்பி ஒட்டவில்லை, மெழுகிலேயே நூல் திரித்து ஒட்டி மொத்தமாக வார்த்திருக்கிறார்கள் என்று விளக்கத்தில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால் சொரசொரப்பைக்கூடத் தேய்க்கவில்லை. உருகிய உலோகம் ஊற்றிய இடத்துக் கட்டி சிலவற்றில் அப்படியே நிற்கிறது. ஏரியிலோ குகையிலோ காணிக்கையாகப் போடத்தான் செய்தார்களாம்.

1969-ல் பாஸ்கா என்ற ஊரில் ஒரு குகைக்குள் மண்பானையில் கிடைத்த தங்கத் தெப்பமும் அதே பாணிதான். நீளம் ஒரு சாண்கூட இல்லை. நடுவில் தலைவர், சுற்றிச் சின்ன ஆட்கள். ஒரே வார்ப்பு.

நேர்மாறாகச் செனு மக்களின் காதணிகள். அரை வட்டமாக, வலை பின்னியது மாதிரி. கம்பி வேலை என்று சத்தியம் செய்திருப்பேன். அதுவும் மெழுகுதானாம்!

#11 உலோகப்பித்தன்

அந்த மெழுகைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பியர் கொண்டுவரும்வரை அமெரிக்காவில் நாம் அறிந்த தேனீ கிடையாது. கொடுக்கில்லாத தேனீக்களின் மெழுகைத்தான் பயன்படுத்தினார்கள். நம் வீட்டுச் சுவர் இடுக்கில் கூடு வைக்குமே கொசுத்தேனீ, அந்த ஜாதி.

மெழுகு உருவத்தின் மேல் முதலில் கரித்தூள் கலந்த சன்னமான களிமண், அப்புறம் கனத்த களிமண். சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலையில் காவிரி வண்டலைப் பூசிச் செய்கிற அதே கணக்கு. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள்.

இங்கேதான் செம்பு கலப்பதன் இன்னொரு சூட்சுமம். தங்கம் 1064 டிகிரியில் உருகும், செம்பு 1085-ல். ஐந்துக்கு நான்கு பங்கு தங்கம், ஒரு பங்கு செம்பு என்று கலந்தால் 900 டிகிரிக்குச் சற்று மேலேயே உருகிவிடும்! துருத்தியே இல்லாத ஊரில் இது எவ்வளவு பெரிய உதவி என்று பட்டறைக்காரருக்குத் தெரியும். நாணல் குழாயின் நுனியில் சுட்ட மண் மூக்கு மாட்டி, நாலைந்து பேர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மூச்சு வாங்க வாங்க ஊதினார்கள். பெருவின் மோச்சே மக்கள் செய்த ஒரு பானையில் இந்தக் காட்சியே உருவமாக இருக்கிறது. செம்பு சேர்ந்தால் வார்ப்பின் நெளிவு சுளிவுகளில் உலோகம் நன்றாக ஓடும், ஆறியபின் கெட்டியாகவும் இருக்கும். கழுத்தில் தொங்கும் தவளையின் மெல்லிய பாதம் சுத்தத் தங்கமாக இருந்தால் நாலு நாளில் வளைந்துவிடும்.

#12 மறைபொருள்

எல்லாம் சரி. இவ்வளவும் திடீரென்று எப்படி வந்தது? யாராவது சொல்லித்தராமல்? எக்குவடோர் கரையில் பிளாட்டினம் நகை கிடைத்திருக்கிறதே. பிளாட்டினம் உருக 1768 டிகிரி வேண்டும். நாணல் குழாயில் ஊதி 1768-ஆ?

#13 உலோகப்பித்தன்

நல்ல கேள்வி, கிண்டல் இல்லை.

திடீரென்று வரவில்லை. பெருவில் டிட்டிகாக்கா ஏரிப் பக்கம் ஹிஸ்காய்ருமோகோ என்ற இடத்தில் ஒரு புதைகுழியில், மண்டை ஓட்டுப் பக்கத்தில் ஒரு மாலை கிடைத்தது. ஒன்பது தங்க மணிகள், இடையிடையே கல்மணிகள். 2008-ல் வெளியிட்டார்கள். காலம் சுமார் கி.மு. 2100. அமெரிக்கக் கண்டங்களில் இதுவரை கிடைத்த மிகப் பழைய தங்க வேலைகளில் ஒன்று. அதில் வார்ப்பும் கிடையாது, கலப்பும் கிடையாது. ஆற்றுத் தங்கக் கட்டியைக் கல்லால் தட்டித் தகடாக்கி, உருளையான ஏதோ ஒன்றில் சுற்றிக் குழல் ஆக்கியிருக்கிறார்கள். ஊர் கட்டிக் குடியேறத் தொடங்கியிருந்த சின்னச் சமூகம். அரசனும் இல்லை, கோயிலும் இல்லை. வார்ப்பெல்லாம் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கழித்து, வடக்கே கொலம்பியா பக்கம் செழித்தது. அங்கிருந்து பனாமா, கோஸ்டாரிகா. மேற்கு மெக்சிகோவில் ஒலிக்கும் உலோக மணிகள் தோன்றுவது கி.பி. 600-ஐ ஒட்டி. சொல்லித்தர வந்த ஆசான் இவ்வளவு மெதுவாகவா சொல்லித்தருவார்?

பிளாட்டினத்தை அவர்கள் உருக்கவே இல்லை. எக்குவடோர், கொலம்பியா எல்லைக் கரையில் லா தோலிட்டா, துமாகோ பகுதி ஆற்று மணலில் பிளாட்டினக் குருணையும் தங்கத்தூளும் சேர்ந்தே கிடைக்கும். இரண்டையும் கலந்து சூடாக்கினால் தங்கம் மட்டும் உருகிக் குருணைகளை ஒட்டவைக்கும். தட்டு, சூடாக்கு, மறுபடி தட்டு. கடைசியில் வெள்ளையாக ஒரே கட்டி. கருப்பட்டிப் பாகில் பிடித்த பொரிவிளங்காய் உருண்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெப்பத்தை எட்ட முடியாது என்று அவர்களுக்கே தெரியும், அதனால்தான் இந்தச் சுற்றுவழி.

#14 மட்டுறுத்துநர்

விமானம் பற்றி மட்டும் வந்த ஏழு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே நகை பேசுவோம்.

#15 கடலோடி

நன்றி. தவளைகளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். கோஸ்டாரிகாவின் தெற்கு, பனாமா பக்கத்துத் தவளைகள்தான் எனக்கு மிகவும் பிடித்தன. பின்னங்கால் பாதம் மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிய தட்டையான தகடு. வாயின் இரு பக்கமும் பாம்பு மாதிரி ஏதோ நெளிந்து வெளியே வருகிறது. முன்னங்காலுக்குப் பின்னால் கயிறு கோக்க வளையம். அந்தத் தகட்டுப் பாதம் வெயிலில் பளிச்சென்று அடிக்கத்தான் என்று தோன்றியது. சித்ரா அக்கா சொன்ன பிறகு நிச்சயமாகவே அப்படித் தோன்றுகிறது.

#16 நெல்லை_சித்ரா

தவளைகள் ஊர்விட்டு ஊரும் போயிருக்கின்றன தம்பி. மெக்சிகோவில் சிச்சென் இட்சா என்ற பழைய மாயா நகரத்தின் புனிதக் கிணற்றைத் தூர்வாரியபோது பனாமா, கோஸ்டாரிகா பாணித் தங்க உருவங்கள் கிடைத்தன, தவளை உட்பட. கை மாறிக் கை மாறிப் போய், கடைசியில் மாயா மக்களின் கிணற்றில் காணிக்கையாக விழுந்திருக்கிறது.

கொலம்பஸ் 1502-ல் கோஸ்டாரிகா, பனாமா கரைக்குப் போனபோது கழுத்தில் தங்க வட்டும் 'கழுகு'ம் தொங்கவிட்ட மனிதர்களைப் பார்த்தார்கள். கிளியின் வளைந்த அலகோ கழுகின் அலகோ, விரித்த இறக்கையோடு எது தொங்கினாலும் ஸ்பானியருக்கு அது கழுகு. பெயர் வைத்தார்கள், வாங்கினார்கள், உருக்கினார்கள். பெருவில் ஸ்பானியர் சிறைபிடித்த இன்கா மன்னர் அதாஹுவால்பாவை விடுவிக்க வந்த பொருட்களை 1533-ல் உருக்கிக் கட்டியாக்கியவர்கள் உள்ளூர்த் தட்டார்களே. தங்கள் கைவேலையைத் தாங்களே உலையில் போடுவது எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

#17 கடலோடி

உருக்கியது அந்தக் காலத்தில் மட்டும் இல்லை. 1992-ல் கொலம்பியாவில் பால்மிரா பக்கம் மலகானா என்ற கரும்புத் தோட்டத்தில் ஓட்டிய இயந்திரம் குழிக்குள் இறங்கிவிட்டது. குழிக்குள் தங்கம். செய்தி பரவி ஆயிரக்கணக்கானவர்கள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். தொல்லியலாளர்கள் சேர்வதற்குள் கல்லறைகள் சல்லடை.

அந்தச் சுண்ணாம்புக் குடுவையின் பாணியிலேயே தங்கப் பொருட்கள் நிறைந்த கிம்பாயா புதையல் கதை வேறு மாதிரி. 1890-ல் கிடைத்தது, 1893-ல் கொலம்பிய அரசே ஸ்பெயினுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டது. இப்போது மாட்ரிட்டில் இருக்கிறது. 2017-ல் கொலம்பிய அரசியல் சாசன நீதிமன்றம் திரும்பக் கேட்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. கொடுத்ததைத் திரும்பக் கேட்பதா என்றால், கொடுத்தவர் வீட்டுப் பொருளா அது என்பதுதான் என் கேள்வி.

#18 பட்டறைக்காரன்

மூன்று நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. காரணம் இருக்கிறது.

வாய்ச்சண்டை போதும், செய்து பார்த்துவிடலாம் என்று ஒரு கிராம் தங்கமும் ஒரு கிராம் செம்பும் எடுத்தேன். மூசையில் வைத்து உருக்கி, கட்டியைத் தட்டி விரல் நகம் அளவுக்குத் தகடாக்கினேன். நிறம் நல்ல சிவப்பு, பழைய குத்துவிளக்குத் திரிக்குழி மாதிரி. பையன் பார்த்துவிட்டு "அப்பா, செம்புக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல்" என்றான்.

அமிலம் எதுவும் தொடவில்லை. புளியும் கல் உப்பும்தான். தீயில் காட்டினேன், கறுத்தது. கொதிக்கிற புளித் தண்ணீரில் போட்டேன், கறுப்பு விட்டது, ஆனால் இன்னும் சிவப்பு. இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை, பெரிய மாற்றம் இல்லை. ஐந்தாவது தடவைக்குமேல் சிவப்பு மங்கி ஒரு மாதிரி மண் நிறம் வந்தது. வேலை கெட்டுப்போச்சு என்றுதான் நினைத்தேன். ஒன்பதாவது தடவை எடுத்தபோது சுக்குக் காப்பி நிறத்தில், ஒளியே இல்லாமல் கிடந்தது. சரி என்று வழவழப்பான கல்லை எடுத்து ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்தேன்.

மஞ்சள். நல்ல மஞ்சள். கல் போன வழியெல்லாம் கோடு கோடாக மஞ்சள் எழுந்து வந்தது. முப்பத்தைந்து வருஷமாக இந்த வேலை செய்கிறேன், ஒரு நிமிஷம் கையை எடுத்துவிட்டேன்.

உரைகல்லில் லேசாக இழுத்தால் தப்பித்துவிடுகிறது. இரண்டாம் இழுப்பில் மாட்டிக்கொள்கிறது. நான் சொன்னது அதில் சரிதான், விற்பனைக்கு வந்தால் வாங்க மாட்டேன். ஆனால் கலப்படம் என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கலப்படக்காரன் ஒன்பது தடவை காய்ச்ச மாட்டான். அவனுக்கு அவசரம்.

#19 நெல்லை_சித்ரா

அண்ணாச்சி! படம் போடுங்கள். அப்புறம் ஒரு மூலையைச் சுரண்டி மோந்து பாருங்கள்.

#20 பட்டறைக்காரன்

படத்தில் நிறம் சரியாக வரவில்லை டீச்சர், சாயங்கால வெளிச்சத்தில் மறுபடி எடுக்கிறேன்.

சுரண்டினேன். கையில் வைத்துத் தேய்த்துவிட்டு மோந்தேன். செம்புச் சொம்பில் விடிய விடிய இருந்த தண்ணீரின் வாசம். பையனையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். உருக்கித் தங்கத்தைப் பிரித்து எடுப்பதாக இருந்தேன், இப்போதைக்கு மேசை டிராயரில் கிடக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.